சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆள் எடுக்கும் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்ததால், புது வேலையில் சேர்ந்து ஏமாந்துபோனவர்கள் என்னிடம் பேசுவது வழக்கமாகிவிட்டது. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, நான் சொல்லும் பதில்களை எழுதி வைக்கிறேன். தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சட்டம் பேசும் இடங்களில் எந்த நாடு என்று குறிப்பிட்டிருக்கிறேன்.

சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகுது. இன்டர்வியூல சொன்னதுக்கும் இங்க நடக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லை. இது எல்லாருக்கும் நடக்கிறதா, எனக்கு மட்டுமா?

நிறையப் பேருக்கு நடக்கிறது. விசாரிக்காமல் வந்துவிட்டோமே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். அதே நேரம், ஒரு வாரத்தில் கண்ணில் பட்டதை வைத்து முடிவுக்கும் வர வேண்டாம். முதல் சில வாரங்களில் எந்த இடத்திலும் உண்மையான வேலை முழுதாகக் கைக்கு வராது. கணினியில் உள்ளே நுழையவே அனுமதி கிடைத்திருக்காது, பயிற்சி முடிந்திருக்காது, வேலை சொல்லித்தர வேண்டியவர் விடுப்பில் இருப்பார். சும்மா உட்கார வைப்பதும், யாருடைய பழைய கோப்புகளையோ சரிபார்க்கச் சொல்வதும் இந்தக் காலத்தில் சகஜம்.

நான் பார்த்த வரையில் இந்த வேறுபாடு மூன்று காரணங்களால் வருகிறது. சொன்ன வேலை இன்னும் தொடங்காமல் இருக்கலாம். உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு நிலைமை மாறியிருக்கலாம்: திட்டம் நின்றுபோயிருக்கும், உங்களை எடுத்த மேனேஜர் வேறு இடத்துக்குப் போயிருப்பார், டீமைக் கலைத்து இன்னொன்றோடு சேர்த்திருப்பார்கள். அல்லது தெரிந்தே தவறாகச் சொல்லியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். நேரில் கேட்டால்தான் பிரித்தறிய முடியும். கேட்டதும் எதிரில் இருப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதற்குத்தான் நான் எல்லாவற்றையும் விட அதிக மதிப்புக் கொடுப்பேன். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

அவங்க நிஜமாவே சொன்னாங்களா, இல்ல நானா அப்படி நினைச்சுக்கிட்டேனான்னு எனக்கே குழப்பமா இருக்கு.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் சொன்னது, மறுபக்கம் இப்போது நடப்பது. சொன்னது யார், எப்போது, போனிலா மெயிலிலா நேரிலா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ‘வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம்’, ‘உங்களுக்குக் கீழே நான்கு பேர் இருப்பார்கள்’, ‘நைட் ஷிஃப்ட் கிடையாது’ என்பவை வாக்குறுதிகள். நடந்ததா இல்லையா என்று மூன்றாவது ஆள் ஒருவரால் சரிபார்க்க முடியும். ‘வளர நல்ல வாய்ப்பு’, ‘சவாலான வேலை’, ‘குடும்பம் மாதிரிப் பழகுவோம்’ என்பவை விளம்பரப் பேச்சு. அவற்றைப் பிடித்துக்கொண்டு வாதாட முடியாது.

இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் அந்தப் பதவியின் பெயரைக் கேட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். டேட்டா அனலிஸ்ட் என்று எடுத்துவிட்டு, நாள் முழுக்க ரசீதுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வைத்தால், ‘தட்டச்சு இருக்காது’ என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லைதான். ஆனாலும் உங்கள் குறை நியாயமானது. பதவிப் பெயரையும் ஒரு வாக்குறுதியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் சிலருக்குக் கோபம் பாதியாகிறது, சிலருக்கு இரட்டிப்பாகிறது. எப்படியானாலும் எதில்தான் குறை என்று தெளிவாகிவிடும். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். கீழே பல இடங்களில் இது வேண்டியிருக்கும்.

எல்லாமே வாயால சொன்னதுதான். ஆஃபர் லெட்டர்ல ஒரு வரி கூட இல்லை. அதுக்கு ஏதாவது மதிப்பு இருக்கா?

இருக்கிறது. நிரூபிப்பதுதான் கஷ்டம். பல நிறுவனங்களின் நியமனக் கடிதத்தில், கடைசிப் பக்கத்தில், ‘இந்தக் கடிதத்தில் உள்ளது மட்டுமே ஒப்பந்தம், முன்பு பேசியது எதுவும் செல்லாது’ என்ற பொருளில் ஒரு விதி இருக்கும். அதைப் படித்ததும் பலர் நம்பிக்கையை விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு சீக்கிரம் விட வேண்டியதில்லை.

கனடா உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்த குயின் எதிர் காக்னோஸ் வழக்கை இதற்காகவே நான் எடுத்துச் சொல்வது வழக்கம். குயின் என்ற கணக்காளரை காக்னோஸ் நிறுவனம் ஒரு மென்பொருள் திட்டத்துக்காக நேர்காணல் செய்தது. திட்டத்துக்கு இன்னும் பணம் உறுதியாகவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவர் நிலையான வேலையை விட்டுவிட்டு, கால்கரியிலிருந்து ஒட்டாவாவுக்குக் குடிபெயர்ந்தார். திட்டம் சுருங்கியது, கொஞ்ச காலத்தில் வேலையும் போனது. முன்னறிவிப்புக் கொடுத்து நீக்கலாம் என்று அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆனாலும் நேர்காணலில் கவனக்குறைவாகத் தவறான சித்திரத்தைக் கொடுத்ததற்கு நிறுவனமே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், வேலையின் தன்மை பற்றியோ சம்பளம் பற்றியோ தெரிந்தே பொய் சொல்லி ஒருவரை இடம்பெயர வைத்தால் இரட்டை இழப்பீடு கேட்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

அதற்காக எல்லாரும் நீதிமன்றம் போக வேண்டும் என்று சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படாது. ஆனால் ஆதாரங்களை இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வேலைக்கான விளம்பரம், ஆள் எடுத்தவரோடு நடந்த மெயில், வாட்ஸ்அப் உரையாடல், நேர்காணல் அழைப்பு எல்லாவற்றையும் உங்கள் சொந்தக் கணக்கில் சேமியுங்கள். இடம் நிரம்பியதும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள், அப்புறம் தேடினால் கிடைக்காது. நிறுவனத்தின் உள் ஆவணங்களை மட்டும் வெளியே அனுப்பாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அந்த ஒரு காரியம் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

எழுத்தில் எதுவுமே தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1152 எண் கொண்ட நெறிமுறைப்படி பதவி, வேலையிடம், சம்பளம், வேலை நேரம் போன்ற அடிப்படை விவரங்களைச் சேர்ந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். பிரிட்டனில் 2020 ஏப்ரல் 6 முதல், சேரும் நாளிலேயே தந்தாக வேண்டும்.

‘நிறுவனம் அவ்வப்போது ஒதுக்கும் பிற பணிகள்’னு லெட்டர்ல ஒரு வரி இருக்கு. அப்போ எந்த வேலையையும் கொடுக்கலாமா?

அந்த வரி கிட்டத்தட்ட எல்லாருடைய கடிதத்திலும் இருக்கிறது. முக்கிய வேலையோடு சேர்ந்து வரும் சில்லறை வேலைகளுக்காக எழுதியது அது. முக்கிய வேலையையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிற பணிகளை மட்டும் நிரப்புவதற்காக எழுதியதில்லை. கணக்காளரை ஒரு வாரம் வரவேற்பு மேசையில் உட்காரச் சொன்னால் சரி, உதவி என்று வையுங்கள். மூன்று மாதம் அங்கேயே உட்கார வைத்தால் அது வேறு வேலை. ஒரு வாரம் முழுக்க எந்தெந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று குறித்துப் பாருங்கள். சொன்ன வேலைக்கு வாரத்தில் ஒரு சில மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை என்று தெரிந்தால், அந்தக் கணக்கைக் காட்டியே பேசலாம்.

யார்கிட்ட முதல்ல பேசறது? மேனேஜர்கிட்டயா, ஹெச்.ஆர்.கிட்டயா? என்ன சொல்லி ஆரம்பிக்கிறது?

வேலையின் தன்மை, டீம், பொறுப்பு சம்பந்தப்பட்டது என்றால் மேனேஜரிடம். சம்பளம், பதவிப் பெயர், ஒப்பந்தம் என்றால் ஹெச்.ஆரிடம். மேனேஜரைத் தாண்டி ஹெச்.ஆரிடம் போனால் ‘என்னிடம் ஏன் முதலில் சொல்லவில்லை’ என்ற பேச்சில்தான் பாதி நேரம் போகும். மேனேஜரே பிரச்சினை என்றால் நேரே ஹெச்.ஆர்.தான்.

‘ஏமாற்றிவிட்டீர்கள்’ என்று தொடங்காதீர்கள். ஏமாற்றியிருந்தாலும்கூட. சொன்னது, நடப்பது, கேள்வி என்ற வரிசையில் பேசுங்கள். உதாரணமாக: ‘சேரும்போது அறிக்கைகள் தயாரிப்பதுதான் முக்கிய வேலை என்று பேசினோம். இந்த மூன்று வாரமாகப் பெரும்பாலும் வாடிக்கையாளர் அழைப்புகளைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இது தற்காலிக ஏற்பாடா, இனி இதுதானா? அறிக்கை வேலை எப்போது தொடங்கும்?’ இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் நழுவவும் முடியாது. தாளில் பத்துக் குறை இருந்தாலும், முக்கியமான ஒன்றிரண்டை மட்டும் கொண்டு போங்கள். பத்தையும் அடுக்கினால், நாற்காலி சரியில்லை என்பது போன்ற எளிய விஷயத்தைச் சரிசெய்துவிட்டு, மற்றதெல்லாம் தீர்ந்த மாதிரி அனுப்பிவிடுவார்கள்.

பேசிய அன்றே ஒரு சின்ன மெயில் அனுப்புங்கள். ‘இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அடுத்த மாத முதல் வாரத்திலிருந்து அறிக்கை வேலை என்னிடம் வரும் என்று சொன்னீர்கள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று உறுதிசெய்யவும்.’ இவ்வளவு போதும்.

ப்ரொபேஷன்ல இருக்கேன். இப்போ வாய் திறந்தா ‘பிரச்சினை பண்றவன்’னு பேர் வந்து அனுப்பிட மாட்டாங்களா?

அந்தப் பயம் நியாயமானதே. பல நாடுகளில் ப்ரொபேஷன் எனும் சோதனைக் காலத்தில் பாதுகாப்பு குறைவு. அமெரிக்காவில் மொண்டானா தவிர்த்த மாநிலங்களில், தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், பொதுவாக எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே நீக்கலாம். ஆகவே ‘கேட்டால் ஒன்றும் ஆகாது’ என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஆனால் ப்ரொபேஷன் இரு பக்கத்துக்கும் பொதுவானது. அவர்கள் உங்களைச் சோதிக்கிற மாதிரி நீங்களும் அவர்களைச் சோதிக்கலாம். பல ஒப்பந்தங்களில் இந்தக் காலத்தில் நோட்டீஸ் பீரியட் மிகக் குறைவு. விலகுவது என்றால் இப்போதுதான் எளிது, நிரந்தரமான பிறகு அதே வாசல் குறுகிவிடும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஆள் தேடி, நேர்காணல் நடத்தி, பயிற்சி கொடுத்து உங்களைச் சேர்க்க அவர்களுக்கு நிறையச் செலவாகியிருக்கிறது. மேலே சொன்ன மாதிரி மரியாதையாக ஒரு கேள்வி கேட்டதற்காக ஒரு மேனேஜர் ஆளையே இழக்கத் துணிகிறார் என்றால், அந்த இடத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

‘கொஞ்ச நாள் பொறு, சரியாயிடும்’னு சொல்றாங்க. எத்தனை நாள்தான் பொறுக்கிறது?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். அதிகம் பேர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். தேதி இல்லாத ‘கொஞ்ச நாள்’ ஒருபோதும் முடியாது. ஆகவே நாளைக் கேட்டு வாங்குங்கள். ‘எந்த மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்? அன்றைக்கு மறுபடி உட்கார்ந்து பேசலாமா?’ தேதி சொன்னால், அதுவரை மனதாரப் பொறுத்து வேலை பாருங்கள். சொல்ல மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதி வரும் வரை கண்ணை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். உண்மையிலேயே மாறப்போகிறது என்றால் அறிகுறி தெரியும்: ஒரு கூட்டத்துக்கு உங்களை அழைப்பார்கள், ஒரு சின்னப் பகுதியையாவது கையில் கொடுப்பார்கள், இப்போது நீங்கள் செய்யும் வேலைக்கு வேறு ஆள் தேடத் தொடங்குவார்கள். ஒன்றுமே நடக்காமல் தேதி மட்டும் தள்ளிப்போனால், முதல் முறை காரணம் கேளுங்கள். இரண்டாவது முறை தள்ளிப்போனால், வெளியே வேலை தேடத் தொடங்குங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மௌனமாக இருப்பதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. மாற்றப்பட்ட நிபந்தனைகளின்படி எதிர்ப்பே சொல்லாமல் மாதக்கணக்கில் வேலை பார்த்தால், அதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும் போக்கு பல நாட்டு நீதிமன்றங்களில் உண்டு. ‘இதை நான் ஏற்கவில்லை, தீர்வு வரும் என்ற நம்பிக்கையில் வேலையைத் தொடர்கிறேன்’ என்று ஒரே ஒரு மெயில் கிடந்தால் நிலைமை வேறு.

சம்பளமே சொன்னதைவிடக் குறைவா வந்திருக்கு. இதுக்கும் பொறுக்கணுமா?

வேண்டாம். ஆனால் கேட்பதற்கு முன் சம்பளச் சீட்டைச் சரிபாருங்கள். மாத நடுவில் சேர்ந்திருந்தால் நாட்களுக்கு மட்டும் கணக்கிட்டிருப்பார்கள். வரியும் சேமநலப் பிடித்தமும் போனபின் கையில் வருவது எப்போதும் குறைவுதான். ஆண்டுத் தொகை என்று சொன்னதில் வேரியபிள் பே (செயல்பாட்டைப் பொறுத்து மாறும் பகுதி), இன்சென்டிவ் எல்லாம் அடங்கியிருக்கும், அவை மாதாமாதம் வராது. இதையெல்லாம் கழித்தும் குறைகிறது என்றால் அன்றே எழுத்தில் கேளுங்கள். வேலையின் தன்மையில் விளக்கத்துக்கு இடமுண்டு. எழுதிக்கொடுத்த சம்பளத்தில் அப்படி எதுவும் இல்லை. இரண்டாவது மாதமும் சரியாகவில்லை என்றால் உங்கள் நாட்டின் தொழிலாளர் துறையை அணுகுங்கள். ஊதியப் புகார்களை எடுக்கப் பெரும்பாலான நாடுகளில் தனி ஏற்பாடு இருக்கிறது.

சேருறதுக்கு முன்னாடி ஒரு ஒப்பந்தம் அனுப்பினாங்க. சேர்ந்த அன்னைக்கு வேற ஒண்ணை நீட்டி, உடனே கையெழுத்துப் போடச் சொல்றாங்க.

உடனே போடாதீர்கள். ‘படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன், ஒரு பிரதி கொடுங்கள்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, சம்பளம், வேலை நேரம், பதவி, வேலையிடம், ப்ரொபேஷன், நோட்டீஸ், விலகினால் கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் ஏன் மாறியது என்று மெயிலில் கேளுங்கள்.

பழைய வேலையை விட்டுவிட்டு வந்தாயிற்று, வேறு வழியில்லை, போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலைமையும் வரும். அதைப் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் கையெழுத்துப் போட்ட அன்றே, ‘முன்பு அனுப்பிய ஒப்பந்தத்தில் இப்படி இருந்தது, இன்று கொடுத்ததில் இப்படி மாறியிருக்கிறது, இது பற்றிப் பேச விரும்புகிறேன்’ என்று எழுதி அனுப்பிவிடுங்கள். இரண்டின் பிரதியும் உங்களிடம் இருக்கட்டும்.

வெளிநாட்டில வேலைன்னு வந்தேன். சொன்ன வேலையே இல்லை, பாஸ்போர்ட்டையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. நான் என்ன பண்றது?

மேலே சொன்ன ‘மேனேஜரிடம் பேசுங்கள்’ என்ற அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. இதை வேலையில் வந்த ஏமாற்றமாகப் பார்க்காதீர்கள், இது உங்கள் பாதுகாப்புப் பிரச்சினை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பை அடையாளம் காண 11 அறிகுறிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. ஏமாற்றி அழைத்து வருவது, அடையாள ஆவணங்களைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் சிக்க வைப்பது, வெளியே நடமாட விடாமல் தடுப்பது எல்லாம் அதில் வருகின்றன. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு பொருந்துகிறது.

இருக்கும் இடத்தின் முகவரி, நிறுவனத்தின் பெயர், அழைத்துவந்த ஏஜென்டின் விவரம், கையில் உள்ள ஒப்பந்தம், விசாவின் புகைப்படம் ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவருக்கு உடனே அனுப்புங்கள். உங்கள் நாட்டுத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது பல நாடுகளில் சட்டவிரோதம், தூதரகத்தால் மாற்று ஆவணமும் தர முடியும். கோபத்தில் ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். பல நாடுகளில் விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும், விலகியதும் சட்டவிரோதமாகத் தங்கியவராக உங்களையே காட்ட வாய்ப்புண்டு. தூதரகத்திடமோ தொழிலாளர் உதவி அமைப்பிடமோ கேட்டபிறகு செய்யுங்கள். அடிக்கிறார்கள், அடைத்து வைக்கிறார்கள் என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், முதலில் அந்நாட்டுக் காவல் துறையின் அவசர எண்.

வேலை வாங்கித்தர ஏஜென்டுக்குப் பணம் கட்டியிருந்தால் அதற்கான ரசீதையும் வைத்திருங்கள். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பற்றிய 1997-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, ஆனால் உங்கள் நாட்டில் உச்சவரம்பாவது இருக்கக்கூடும்.

பழைய ஆபீஸ்ல திரும்பக் கேட்கலாமா? வெட்கமா இருக்கு.

கேளுங்கள், சீக்கிரம் கேளுங்கள். உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைத்திருக்காது, உங்கள் வேலை அவர்களுக்குத் தெரியும், பயிற்சியும் தேவையில்லை. பழைய மேனேஜருக்கு ஒரு போன் போதும்: ‘போன இடத்தில் வேலை பேசியபடி இல்லை. இடம் இன்னும் காலியாக இருந்தால் பேச விரும்புகிறேன்.’ நீங்கள் வேண்டாம் என்று சொன்ன இன்னொரு ஆஃபர் இருந்தால் அவர்களுக்கும் இதே மாதிரி எழுதலாம். இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் முதலில் எதற்காக விலகினீர்கள் என்பதை மறந்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்தக் காரணம் அங்கேயே இருக்கும்.

இரண்டே மாசத்தில விட்டா ரெஸ்யூமேல கறை ஆயிடுமா?

ஒரு முறை என்றால் ஆகாது. ஆள் எடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், தொடர்ந்து நான்கு இடங்களில் அப்படி இருந்தால்தான் நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: ‘நிதிப் பகுப்பாய்வு வேலைக்கு எடுத்தார்கள், அந்தத் திட்டம் நின்றதால் வேறு வேலை கொடுத்தார்கள், பேசிப் பார்த்தோம், சரிவரவில்லை.’ அதற்கு மேல் அந்த நிறுவனத்தைத் திட்டினால் கேட்பவருக்கு நிறுவனத்தின் மேல் வராத சந்தேகம் உங்கள் மேல் வரும். ரெஸ்யூமேவில் இரண்டு மாத வேலையைப் போடாமல் விடுவது உங்கள் விருப்பம். ஆனால் முழு வேலை வரலாறு கேட்கும் படிவத்திலோ, பின்னணிச் சரிபார்ப்பிலோ மறைக்காதீர்கள். அது வெளிவந்தால் கிடைத்த வேலையும் போகும்.

பாண்ட் எழுதிக் கொடுத்திருக்கேன். அவங்கதானே பேச்சு மாறினாங்க? நான் ஏன் பணம் கட்டணும்?

நியாயமான கேள்விதான். ஆனால் பதில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்த அந்தப் பாண்டில் என்ன இருக்கிறது, எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பொதுவாக நீதிமன்றங்கள் நிறுவனத்துக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பு எவ்வளவு, கேட்கும் தொகை அதற்குப் பொருத்தமானதா, பயிற்சி என்று சொன்னதைக் கொடுத்தார்களா என்றெல்லாம் பார்க்கும். முதலில் ஒப்பந்தத்தை மீறியது அவர்கள்தான் என்று காட்ட முடிந்தால் உங்கள் கை ஓங்கும். அதற்குத்தான் அந்தத் தாளும் மெயில்களும்.

செய்யக்கூடாதது ஒன்று: சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது. அதுவரை நியாயம் உங்களிடம் இருந்தாலும், அன்றிலிருந்து விதியை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். முறைப்படி விலகியதற்கான ரிலீவிங் லெட்டரும் கிடைக்காது. விலகும் கடிதத்தில் காரணத்தைத் தேதிகளோடு எழுதி, பாண்ட் தொகையைத் தள்ளுபடி செய்யும்படி கேளுங்கள். எழுத்தில் ஆதாரம் இருந்தால் பல நிறுவனங்கள் இறங்கி வருகின்றன. தொகை பெரியது என்றால், கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ பாருங்கள்.

வீட்டில என் சம்பளம் மட்டும்தான். விடவும் முடியாது, இருக்கவும் முடியலை. எனக்கு என்ன சொல்வீங்க?

‘பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு’ என்று எளிதாகச் சொல்பவர்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். அடுத்த வேலை கையில் வரும் வரை இதில் இருங்கள். அதில் எந்தக் கேவலமும் இல்லை. ஆனால் இருப்பதற்கு ஒரு வரையறை போட்டுக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குக் கிளம்புங்கள், இல்லாத வேலைக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், மிஞ்சும் ஆற்றலைத் தேடலுக்கு வையுங்கள். வாரத்தில் இரண்டு மாலை நேரங்களை விண்ணப்பங்களுக்கு ஒதுக்கினாலே சில மாதங்களில் வித்தியாசம் தெரியும். நீங்கள் வந்த துறையின் திறமை மழுங்காமல் இருக்க, இங்கேயே அது சம்பந்தமான சின்ன வேலை ஏதாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

தூக்கம் போகிறது, காலையில் கிளம்பும்போதே நெஞ்சு படபடக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். சம்பளம் ஒருவருடையது மட்டும் என்ற வீட்டில், அந்த ஒருவரின் உடம்பு எல்லாரையும் தாங்குகிறது.

சொன்ன வேலை இல்லைதான், ஆனா கொடுத்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. பேசாம இருந்துடலாமா?

பிடித்திருந்தால் இருங்கள், மகிழ்ச்சி. பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். உங்கள் கோப்பில் இன்னும் பழைய பதவியும் பழைய இலக்குகளும்தான் இருக்கும். ஆண்டு மதிப்பீடு வரும்போது, நீங்கள் செய்யாத வேலையின் டார்கெட்டை வைத்து உங்களை அளப்பார்கள். புது மேனேஜர் வந்தால் ‘இவருடைய வேலையே இது இல்லையே’ என்பார். நீங்கள் இப்போது பார்ப்பது சந்தையில் அதிகச் சம்பளம் உள்ள வேலையாகவும் இருக்கலாம். ஆகவே பதவிப் பெயர், பணி விவரம், இலக்குகள் மூன்றையும் திருத்தி எழுதித் தரச் சொல்லுங்கள். சம்பளத்தையும் அதே பேச்சில் எடுங்கள்.

அடுத்த தடவை சேருறதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

‘வேலை எப்படி இருக்கும்’ என்று கேட்டால் விளம்பரம்தான் பதிலாக வரும். நடந்ததைக் கேளுங்கள். இந்தப் பதவி ஏன் காலியானது? முன்பு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? இதே வேலையில் இருப்பவர் போன வாரம் என்னென்ன செய்தார்? திட்டத்துக்கு ஒப்புதல் ஆகிவிட்டதா, இல்லை எதிர்பார்க்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை அந்தக் கனடாக் கணக்காளரை நினைத்துத்தான் சேர்த்திருக்கிறேன். டீமில் ஒருவரோடு பத்து நிமிடம் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். அதை மறுக்கும் இடத்தில் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

ஆஃபர் வந்ததும், வாயால் பேசியதில் உங்களுக்கு முக்கியமானவற்றை நான்கு வரியில் எழுதி, ‘நாம் பேசியது இதுதான் என்று புரிந்துகொண்டிருக்கிறேன், உறுதிசெய்யவும்’ என்று மெயில் அனுப்புங்கள். பதில் வரும் வரை பழைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள்.

நான் ஆள் எடுக்கிற இடத்துல இருக்கேன். ‘உள்ளதைச் சொன்னா யாரும் சேர மாட்டாங்க, நல்லதா சொல்லு’ன்னு மேலிடத்துல சொல்றாங்க. என்ன பண்றது?

இதைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மேலே உள்ள பாதிக் கேள்விகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. மேலிடத்துக்குக் காட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. தொலைபேசி இயக்குநர் வேலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான விளம்பரப் படத்தையும், இன்னொரு பகுதியினருக்கு வேலையின் சலிப்பான பக்கங்களையும் சேர்த்துக் காட்டும் படத்தையும் போட்டுக் காட்டினார் ஜான் வானஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1973-இல் வெளியான முடிவு இது: உண்மையைப் பார்த்தவர்களின் எதிர்பார்ப்பு இறங்கியிருந்தது, சேர்ந்த பிறகு வேலையை விடும் எண்ணமும் அவர்களிடம் குறைவாக இருந்தது. வேலையின் உண்மை முகத்தை முன்கூட்டியே காட்டுவது என்ற முறை அதன்பின் பல இடங்களில் சோதிக்கப்பட்டது.

உடனே மாற்ற முடியாது என்றால் சின்னதாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு நேர்காணலின் முடிவிலும், ‘இந்த வேலையில் இருப்பவர்கள் அதிகம் குறைப்பட்டுக்கொள்வது எதைப் பற்றி’ என்பதை நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகும் அழைப்புகள் வரும் என்றால் வரும் என்று சொல்லுங்கள். உறுதியாகாத திட்டத்தை உறுதியாகவில்லை என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதையும் நேர்காணல் குறிப்பில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ‘யாரும் சொல்லவில்லையே’ என்று ஒருவர் வந்து நின்றால், அந்தக் குறிப்பு அவருக்கும் உதவும், உங்களுக்கும் உதவும்.